மாசானமுத்து சார் கேட்ட எதிரொலி

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்துமூன்று. கதை தலைகீழாக இருக்கிறதே என்று யாரும் புருவத்தைத் தூக்க வேண்டாம். நடந்தது அப்படித்தான்.

சீடர் பெயர் மாசானமுத்து. கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் இருபத்தாறு வருஷம் இயற்பியல் நடத்தியவர். குருவின் பெயர் செண்பகவல்லி. அதே கல்லூரியில் அவரிடமே படித்தவர். படிப்பை முடித்து, எங்கெங்கோ போய் மேலே படித்து, இப்போது சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் கருந்துளைகளைக் கணினிக்குள் மோதவிடும் குழுவுக்குத் தலைவி.

மாசானமுத்துவுக்கு ஐம்பது வயதில் ஆசை வந்தது, ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று. கல்லூரியில் மூன்று வருஷம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பழைய மாணவியின் அறைக் கதவைத் தட்டினார்.

“மேடம், உள்ளே வரலாமா?”

செண்பகவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“சார்! என்னைப் போய் மேடம்னு கூப்பிடுறீங்களே!”

“பின்ன? கைடைப் பேர் சொல்லியா கூப்பிடுறது?”

இழுபறியாகி, கடைசியில் ‘அம்மா’ என்பதில் வந்து நின்றது. செண்பகவல்லி ‘சார்’ என்பதை விடவே இல்லை.

“எங்கிட்ட படிச்சேன்னு சொல்றீங்க. எனக்கு ஞாபகமே இல்லையேம்மா. எங்க உட்கார்ந்திருந்தீங்க?”

“கடைசி பெஞ்சு சார்.”

“அட, நான் நடத்துனது அங்க வரைக்கும் கேட்டே இருக்காதே!”

இருவரும் சிரித்தார்கள். ஆனால் சாருடைய சிரிப்பில் பாதி பொய். அவர் மனசில் வெகுநாளாக ஒரு குறை இருந்தது. ஏறக்குறைய இரண்டாயிரம் பேருக்குப் பாடம் நடத்தியிருக்கிறார். ஒருத்தர், ஒரே ஒருத்தர், திரும்பி வந்து ‘சார், நீங்க அன்னைக்குச் சொன்னது...’ என்று ஒரு வார்த்தை சொன்னதுண்டா? ம்ஹூம். இருபத்தாறு வருஷமும் செவுத்தைப் பார்த்துப் பேசியிருக்கேன் என்று மனைவி சொர்ணத்திடம் சொல்லிச் சொல்லிப் புலம்புவார்.

சரி, வேலை என்ன?

இரண்டு கருந்துளைகள். ஒவ்வொன்றும் பத்து லட்சம் சூரியன்களின் எடை. அவற்றைக் கணினிக்குள் ஒன்றையொன்று சுற்றவிட வேண்டும். சுற்றச் சுற்ற நெருங்கும். நெருங்க நெருங்க வேகம் பிடிக்கும். கடைசியில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று விழுந்து ஒரே துளையாகிவிடும். அந்த நேரத்தில் வெட்டவெளியே ஒரு குலுங்கு குலுங்கும் பாருங்கள், அந்தக் குலுக்கல் அலையாகக் கிளம்பி எட்டுத் திசைக்கும் போகும். ஈர்ப்பலை என்று அதற்குப் பெயர். என்றைக்காவது அப்படியொரு அலை நம்முடைய கருவியில் வந்து பட்டால், இது இன்ன மோதலுடையது என்று அடையாளம் சொல்ல வேண்டாமா? அதற்காகத்தான் முன்கூட்டியே நடத்திப் பார்க்கிறார்கள்.

கணினிக்குள் அண்டம் முழுக்க அடங்காது. ஒரு பெட்டி அளவுக்குத்தான் இடம். பெட்டிக்கு எல்லை உண்டு. எல்லையைச் சுவர் என்பார்கள். அலை வந்தால் தடுக்காமல் வெளியே விட்டுவிடு என்று அந்தச் சுவருக்குச் சொல்லிவைத்திருப்பார்கள். பிறகு அதை யாரும் நினைப்பதில்லை. பெட்டிக்குள் ஓர் இடத்தில் ஒரு காதும் வைத்திருப்பார்கள். கடந்து போகிற அலையை அது கேட்டுக் கோடாக வரைந்து கொடுக்கும்.

மூன்றாவது வருஷம், சித்திரை மாதம், ஒரு மத்தியானம். மாசானமுத்து திரையில் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நெளிந்து நெளிந்து ஏறியது. உச்சியில் ஓர் எகிறு எகிறியது. பிறகு வெண்கலப் பானையைத் தட்டிவிட்டது போல அதிர்ந்து அதிர்ந்து அடங்கியது. எப்போதும் அவ்வளவுதான், அதோடு எல்லோரும் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

அன்றைக்கு அவர் போகவில்லை. கோட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்ப்போமே என்று இழுத்தார்.

எல்லாம் அடங்கி, அந்தக் கருந்துளைகளின் கணக்கில் மூன்றேகால் மணி நேரம் கழிந்த இடத்தில், ஒரு சின்ன மேடு.

“அடி சக்கை!” என்றார் மாசானமுத்து.

அவர் ஒன்றும் அவசரக்காரர் இல்லை. அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதைக் கண்டாலும் மூன்று சல்லடையில் சலிக்காமல் வாயைத் திறக்கக் கூடாது. பெட்டிக்குள் கட்டங்களைப் பெரிதாகப் போட்டு ஓர் ஓட்டம், நடுத்தரமாகப் போட்டு ஓர் ஓட்டம், பொடியாகப் போட்டு ஓர் ஓட்டம். கணக்குப் பிழை என்றால் கட்டம் பொடியாகப் பொடியாகத் தேய்ந்து காணாமல் போகும். நிஜமென்றால் நிற்கும்.

மூன்று சல்லடையிலும் பல ஜோடிகளுக்கும் இரண்டு வருஷமாக ஓட்டிவைத்த கணக்குகள் கையில் இருந்தன. எடுத்துச் சலித்தார். மூன்றிலும் மேடு நின்றது. பொடிச் சல்லடையில் இன்னும் துலக்கமாக நின்றது!

அடுத்து ஜோடியை மாற்றினார். மொத்த எடை அதேதான், பங்கு மட்டும் வேறு. ஒன்று பெருத்தது, ஒன்று இளைத்தது. இன்னொரு ஓட்டத்தில் இரண்டும் பம்பரமாகச் சுழல்பவை. எந்த ஜோடியைப் போட்டாலும் மோதி அடங்கி மூன்றேகால் மணி நேரத்தில் மேடு வந்தது. நிமிஷம் பிசகவில்லை.

இவ்வளவு ஒழுங்காக வருவதென்றால் அது இயற்கையின் விதியாகத்தானே இருக்க வேண்டும்? மாசானமுத்துவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அன்று கேன்டீனில் மூன்று காபி குடித்தார். நோட்டுப் புத்தகத்தில் ‘மாசானமுத்து மாறிலி’ என்று எழுதிப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. அடித்தார். அடித்ததற்குப் பக்கத்திலேயே மறுபடியும் எழுதினார்.

செண்பகவல்லி ஏதோ கூட்டத்துக்காக வெளிநாடு போயிருந்தார். திரும்பி வர இரண்டு வாரம். அதுவரைக்கும் பொறுக்க முடியுமா? சொர்ணத்துக்குப் போன் போட்டார்.

“சொர்ணம், எதிரொலி கேட்டுட்டேன்!”

“அது நல்லதா, கெட்டதா?”

“மோதி அடங்கிப் போச்சுன்னு நினைச்ச கருந்துளை மறுபடியும் கூப்பிடுது!”

“ஆத்தாடி!” என்றாள் சொர்ணம். ஆத்தாடி என்றவள் அதோடு நிற்கவில்லை. தெருவுக்குச் சொன்னாள். தெரு கல்லூரிக்குச் சொன்னது. நாலே நாளில் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு எதிரே பழைய மாணவர் சங்கம் பிளெக்ஸ் வைத்துவிட்டது. ‘கருந்துளையின் குரல் கேட்ட எங்கள் ஆசானே!’ என்று கொட்டை எழுத்து, நடுவில் சாருடைய படம், கீழே முப்பத்திரண்டு மாணவர்களின் பெயர்.

வாட்ஸப்பில் வந்த அந்தப் படத்தை மாசானமுத்து விரலால் பெரிதாக்கி, முப்பத்திரண்டு பெயரையும் ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தார். கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. செவுத்தைப் பார்த்துப் பேசவில்லை, கேட்டிருக்கிறார்கள்! அந்தச் சந்தோஷத்துக்கு முன்னால் கருந்துளையெல்லாம் தூசு.

செண்பகவல்லி ஊரிலிருந்து வந்த அன்று காலையில், அறையைத் திறப்பதற்கு முன்பே சார் வாசலில் நின்றார்.

“அம்மா, எதிரொலி!”

கோட்டை விரித்துக் காட்டினார். செண்பகவல்லி தோள்பையைக்கூட இறக்காமல் பார்த்தார்.

“அழகா இருக்கு சார்.”

“நிஜமாம்மா இது?”

“மூணு சல்லடை?”

“நின்னுச்சு!”

“ஜோடியை மாத்தி?”

“மாத்தினேன். எல்லாத்துக்கும் அதே மூணேகால் மணி நேரம். இம்மி பிசகல.”

“இம்மியுமா?”

“இம்மியும்!”

செண்பகவல்லி பையை இறக்கி வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“கருந்துளை இல்லாம ஒரு தடவை ஓட்டிப் பாருங்க சார்.”

“என்னது?”

“வெறும் பெட்டியை ஓட்டுங்க. நடுவுல சின்னதா ஒரு தட்டு தட்டிவிடுங்க. போதும்.”

“பொண்ணு மாப்பிள்ளை இல்லாம கல்யாணமா?”

“மண்டபம் எப்படின்னு தெரிஞ்சுக்கலாம்ல சார்.”

மாசானமுத்துவுக்குச் சுருக்கென்றது. தலை போகிற செய்தியைக் கொண்டுவந்தால் மண்டபத்தைப் பார்க்கச் சொல்கிறதே இந்தப் பெண்! ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அவருக்கு வேறொரு கவலை இருந்தது.

நிலையத்தின் பெரிய கணினியில் அவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு முறை. மே பதினைந்தாம் தேதி தொடங்கிப் பத்து நாள். மே முப்பத்தொன்றோடு விடுப்பு முடிகிறது. ஜூனில் மறுபடியும் சாக்பீஸ். அதற்கு முன்னால், மே இருபத்தொன்பதாம் தேதி பல ஊர் விஞ்ஞானிகள் வந்து கூடுகிறார்கள். ‘எதிரொலி’ என்ற தலைப்பில் பேசுவதற்கு அவர் பெயர் கொடுத்தாயிற்று. கடைசி ஓட்டத்தில் இன்னொரு புது ஜோடியைப் போட்டு எதிரொலியை எடுத்துவிட்டால் பிறகு எவன் மறுக்க முடியும்?

“அம்மா, கடைசி ஓட்டத்துல எதைப் போடணும்னு நீங்களே சொல்லிடுங்க. உங்க பேச்சைத் தட்ட மாட்டேன்.”

“ஓட்டம் உங்களோடது சார். நீங்கதான் சொல்லணும்.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வெறும் பெட்டியை ஓட்டுவது ஒரு பெரிய காரியமா? மேசைக் கணினியே போதும், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் சாருக்குக் கை போகவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். ஏன் கை போகவில்லை என்று அவருக்குத் தெரியும். தெரியும் என்பதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

செண்பகவல்லியும் கேட்கவில்லை. தினமும் காலையில் பார்த்தால் “சாப்பிட்டீங்களா சார்?” என்பார், போய்விடுவார். கேட்டுத் தொலைத்தாலாவது நாலு வார்த்தை சண்டை போடலாமே! அதற்கும் வழியில்லை.

பதினைந்தாம் தேதி வந்தது. வெள்ளிக்கிழமை. பெரிய கணினியைப் பார்த்துக்கொள்ளும் யூசுஃப் முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தார்.

“பன்னெண்டு மணிக்குள்ள ஃபைல் என் கைக்கு வந்துடணும் சார். அதுக்கு மேல ஜும்மாவுக்குக் கிளம்பிடுவேன். எங்க வாப்பாவே வந்து நின்னாலும் வாங்க மாட்டேன்.”

ஒன்பது மணிக்கே ஃபைல் தயார். புது ஜோடி, பொடிக் கட்டம், எல்லாம் பக்கா. கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. கை சும்மா இருந்தால் மனசு சும்மா இருக்குமா?

‘சரி, அந்தம்மா சொன்னதையும் செஞ்சு, ஒண்ணுமில்லைன்னு காட்டிட்டா ஆச்சு’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வெறும் பெட்டியைத் தன் மேசைக் கணினியில் ஓடவிட்டார். நடுவில் ஒரு சின்னத் தட்டு.

ஒரு மணி நேரம் போனது. கோடு வந்தது. தட்டிய இடத்தில் ஒரு சின்ன நெளிவு. பிறகு சமதரை. ஒரு மணி நேரக் கணக்குத் தாண்டியது, சமதரை. இரண்டு மணி நேரக் கணக்குத் தாண்டியது, சமதரை.

“பாத்தீங்களா, ஒண்ணுமில்லை!” என்றார் எதிரே இருந்த காலி நாற்காலியிடம்.

மூன்றேகால் மணி நேரத்தில் மேடு வந்தது.

கருந்துளை இல்லை. மோதல் இல்லை. பொண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. காலி மண்டபம் பேசுகிறது!

மாசானமுத்து ஒரு காகிதத்தை எடுத்தார். ஈர்ப்பலை ஒளியின் வேகத்தில் போகும். மூன்றேகால் மணி நேரத்தில் எவ்வளவு தூரம்? போக பாதி, வர பாதி. பாதியை எடுத்தார். நூற்றெழுபத்தைந்து கோடி கிலோமீட்டர், கொஞ்சம் சொச்சம். இந்த எண்ணை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று பெட்டியின் அளவுகளைப் புரட்டினார்.

காதுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த தூரம், சொச்சம் உள்பட அதுதான்.

அலைக்கு வழிவிடு என்று சொல்லிவைத்த சுவர் முக்காலே மூணுவீசம் வழிவிட்டிருக்கிறது. மிச்சத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. சல்லடையை மாற்றினார், ஜோடியை மாற்றினார், சுழற்சியை மாற்றினார். சுவர் மட்டும் அத்தனை ஓட்டத்திலும் ஒரே இடத்தில் நின்றது. அதனால்தான் இம்மி பிசகவில்லை. மாறிலியாம் மாறிலி! தலையில் அடித்துக்கொண்டார்.

மணி பத்தே முக்கால்.

தயாரான ஃபைல் திரையில் இருந்தது. அதை அப்படியே கொடுத்தால் எதிரொலி இன்னொரு முறை வரும். கூட்டத்தில் கை தட்டுவார்கள். பஸ் ஸ்டாண்டில் பிளெக்ஸ் இருக்கும். சுவர்தான் என்று யாராவது கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆகும், இரண்டு வருஷம்கூட ஆகலாம். அதற்குள் அவர் வகுப்பறையில் இருப்பார், யார் வந்து கேட்கப்போகிறார்கள்? அந்தம்மாவுக்குத் தெரியும். ஆனால் அந்தம்மா ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அதுதான் பெரிய தொல்லையாக இருந்தது.

போனை எடுத்து முப்பத்திரண்டு பெயரையும் இன்னொரு தரம் பார்த்தார். ‘எங்கள் ஆசானே’ என்று போட்டிருக்கிறார்களே, பாவிகள்.

போனைக் கவிழ்த்து வைத்தார்.

ஃபைலை அழித்தார்.

அதற்குப் பிறகு அவருக்கு வந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! புது ஜோடி வேண்டாம், பழைய முதல் ஜோடியே போதும். சுவரைத் தூக்கு! எவ்வளவு தூரம்? இரண்டு மடங்கா? போதாது, பத்து மடங்கு! அவ்வளவு பெரிய பெட்டி கணினியில் கொள்ளாதே? நடுவில் கட்டத்தைப் பொடியாக வை, வெளியே போகப் போகப் பெரிதாக்கு! விரல்கள் தட்டுத் தடுமாறின. ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டார், திரும்பிப் போய்ப் போட்டார். ஒரு பூஜ்யம் கூடிவிட்டது, எடுத்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இருபத்தாறு வருஷமாக மாணவர்களை ‘ஓடாதே, நட’ என்று அதட்டியவர், பதினொன்று ஐம்பத்தேழுக்கு நீள வராந்தாவில் செருப்புச் சத்தம் படபடக்க ஓடினார்.

யூசுஃப் தொப்பியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“என்ன சார் இந்த ஓட்டம்? எதிரொலி பெருசாயிடுச்சா?”

“சுவரைத் தள்ளிட்டேன் யூசுஃப்!”

யூசுஃப் பதறிப்போய் அறையின் நாலு பக்கச் சுவரையும் பார்த்தார். பிறகு ஃபைலை வாங்கிக்கொண்டார்.

அங்கிருந்து சார் நேரே செண்பகவல்லியின் அறைக்குப் போனார். மூச்சு வாங்கியது.

“காலி மண்டபத்தை ஓட்டினேம்மா.”

“ம்.”

“அதுவும் பேசுது.”

“ம்.”

“கடைசி ஓட்டத்துல சுவரைப் பத்து மடங்கு தள்ளி வச்சுட்டேன்.”

செண்பகவல்லி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“சாப்பிட்டீங்களா சார்?”

“இல்லைம்மா. காலையிலயும் சாப்பிடல.”

“வாங்க. இன்னைக்கு வத்தக்குழம்பு.”

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய கையோடு கூட்டத்துக்குக் கொடுத்திருந்த தலைப்பை மாற்றி எழுதி அனுப்பினார். ‘எதிரொலி’ போய், ‘ஒரு சுவரைக் கண்டுபிடித்த விதம்’ என்று ஆனது. அடுத்து சொர்ணத்துக்குப் போன். இதுதான் கஷ்டம்.

“அந்தப் பிளெக்ஸை எடுக்கச் சொல்லு சொர்ணம்.”

“ஏன், என்னாச்சு?”

“அது கருந்துளை இல்லை. நான் போட்ட பெட்டியோட சுவர்.”



“சுவரா?”

“சுவர்தான்.”

“உங்க போட்டோ அதுல நல்லா விழுந்திருக்கே. இருந்துட்டுப் போகட்டுமே?”

“எடுக்கச் சொல்லு. என்ன நடந்துச்சுன்னு சங்கத்துக்காரங்ககிட்ட நானே சொல்லிடுறேன்.”

“சரி, சரி. பிளெக்ஸை வீட்டுக்குக் கொண்டாரச் சொல்றேன். மொட்டை மாடியில வத்தல் காயப்போட ஆகும்.”

முப்பத்திரண்டு பேரில் இருபது பேரிடம் பேசினார் மாசானமுத்து. ஒருத்தன் “பரவாயில்ல சார்” என்றான். ஒருத்தி “அப்போ கருந்துளை பேசலையா?” என்று ஏமாந்து போனாள். மிச்சப் பன்னிரண்டு பேர் போனை எடுக்கவில்லை. ஒவ்வொரு போனுக்கும் அவர் ஓர் அங்குலம் சுருங்கினார்.

பத்து நாள் ஓடியது. திங்கட்கிழமை மத்தியானம் யூசுஃபே வந்து கதவைத் தட்டினார்.

“முடிஞ்சிருச்சு சார். வாங்க, வாங்க!”

மூன்று பேரும் திரையின் முன்னால் கூடினார்கள். மூன்றேகால் மணி நேரத்தை முப்பது நொடியாகச் சுருக்கிக் கோட்டை ஓடவிடுவது என்று ஏற்பாடு. யூசுஃப் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டார்.

கோடு நெளிந்தது. ஏறியது. எகிறியது! அதிர்ந்தது, அதிர்ந்தது, அடங்கியது.

“ஒண்ணு... ரெண்டு...” என்று எண்ணினார் யூசுஃப்.

இருபது. இருபத்தைந்து. இருபத்தெட்டு. இருபத்தொன்பது.

“முப்பது!”

மேடு இல்லை. நாற்பது என்றார், ஐம்பது என்றார். இல்லவே இல்லை. எதிரொலி போயே போய்விட்டது. தனக்கு அழுகை வரும் என்று மாசானமுத்து நினைத்திருந்தார். வரவில்லை. மாறாக, பல் வலி நின்ற மாதிரி ஒரு நிம்மதி வந்தது.

“சார்,” என்றார் செண்பகவல்லி. குரல் மாறியிருந்தது. “அந்த மேடு இருந்த இடத்தைப் பெருசாக்குங்க.”

பெரிதாக்கினார்.

“இன்னும்.”

இன்னும் பெரிதாக்கினார். தட்டையாகத் தெரிந்த கோடு தட்டையாக இல்லை. மெல்ல, மிக மெல்ல, சரிந்துகொண்டே போனது. அதிர்வெல்லாம் ஓய்ந்த பிறகும் ஓயாமல், நூலாக இளைத்து இளைத்து நீண்டது. இத்தனை நாளும் எதிரொலியின் மேடு அதன் மேலே ஏறி உட்கார்ந்து அதை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

செண்பகவல்லி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

“வால் சார்! வால்!”

“எந்த வால்?”

“பேனாவும் பேப்பரும் வச்சுக் கணக்குப் போட்டவங்க, கடைசியில இப்படி ஒரு வால் இருக்கணும்னு சொன்னாங்களே! மோதல்ல அதைக் கண்ணால பாக்குறது லேசில்ல. சுவர் கிட்டத்துல இருந்தா சிக்கவே சிக்காது. ஐயோ சார், எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க!”

ஒரு குழுவுக்குத் தலைவி, கைதட்டிக் குதித்தார். யூசுஃபுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் அவரும் கைதட்டினார். மாசானமுத்து திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய் அந்த நூலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இது நிஜமாம்மா?” என்று கேட்டவர், பதில் வருவதற்குள் தானே கையை உயர்த்தினார். “இருங்க, இருங்க. சொல்லாதீங்க. மூணு சல்லடை. ஜோடி மாத்தணும். சுவரை இன்னும் ரெண்டு இடத்துல வச்சுப் பாக்கணும். காலி மண்டபம் முதல்ல.”

“ரெண்டு வருஷ வேலை சார்.”

“ஆறு நாள்ல எனக்கு விடுப்பு முடியுதே.”

“கோவில்பட்டியில இருந்தே செய்யலாம். ஓட்டத்தை நான் இங்க போட்டுவிடுறேன். கோட்டை நீங்க பாருங்க.”

யூசுஃப் டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று போனார். மாசானமுத்து நாற்காலியில் சாய்ந்தார். குதூகலம் மெல்ல வடிந்தது.

“இதுக்கு யாரும் பிளெக்ஸ் வைக்க மாட்டாங்க,” என்றார்.

“மாட்டாங்க சார்.”

திரையின் மூலையில் ஓடிய படத்தில் அந்த அலை பெட்டியை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்தார்.

“இருபது லட்சம் சூரியன் எடை. அவ்வளவு பெரிய மோதல். போன அலை போனதுதான். இத்தனூண்டு கூடத் திரும்பி வரலையேம்மா.”

கேட்டது கருந்துளையைப் பற்றித்தானா என்று அவருக்கே நிச்சயமில்லை.

செண்பகவல்லி மேசை மேலிருந்த காகிதங்களை அடுக்கினார். தோள்பையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“செவுத்துல முட்டினதுதான் சார் திரும்பி வரும். வராதது போய்ச் சேர்ந்திருக்கும்.”

சொல்லிவிட்டுக் கதவு வரைக்கும் போனவர், அங்கே நின்று திரும்பினார்.

“நான் கடைசி பெஞ்சுலதானே சார் இருந்தேன்.”